எத்துப்பல் வைத்த சிலை

எங்கள் தொழிலில் தலைவர்களுக்குப் பல் கிடையாது. கோவையில் என் சிலைப் பட்டறையிலிருந்து எத்தனையோ பள்ளிகளுக்குத் தேசத் தலைவர்கள் போயிருக்கிறார்கள். எல்லாருக்கும் மூடிய உதடு, நிமிர்ந்த தாடை. கை அப்படிப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் அந்தோணியம்மாள் சிலையில் என்னைக் கவிழ்த்தது.

வால்பாறையில் தேயிலை பறித்தவர் அவர். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்து, வாங்கியும் காட்டினார். அதே பள்ளியில், தலைவர்கள் வரிசையில், அவருக்கும் மார்பளவுச் சிலை வைக்க முன்னாள் மாணவர் கமிட்டி முடிவு செய்தது. கிடைத்தது மங்கலான ஒரு குரூப் போட்டோ.

களிமண் மாடல் முடிந்ததும் வீட்டாரை அழைத்துக் காட்டுவோம். ‘மண் பார்ப்பது’ என்று பெயர். அவர்கள் சரி என்றால்தான் மோல்டு எடுத்து வார்ப்போம். அதன்பின் திருத்த முடியாது. கிணத்துக்கடவிலிருந்து மகள் ஸ்டெல்லா வந்தார். கமிட்டிச் செயலாளரும் வந்தார்.

ஸ்டெல்லா வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தானுங்க செஞ்சிருக்கீங்க. ஆனா இது எங்கம்மா இல்லீங்க. அம்மாவுக்கு எத்துப்பல்லுங்க. வாயே மூடாதுங்க.”

“தெரியுமுங்க அம்மணி” என்றார் செயலாளர். “பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் நாட்டுக்கே தலைவருங்க. பல்லு வெச்சா பார்க்கறவங்க சிரிச்சுப்போடுவாங்க.”

“ஆபீஸ்லயும் அந்தப் பல்லப் பார்த்துத்தானுங்க சிரிச்சாங்க. அதுக்கு வாயப் பொத்தீட்டு வந்திருந்தா பள்ளிக்கூடம் ஏதுங்க?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பல் தெரிந்தது. நிழல் என்று நினைத்து விட்டிருக்கிறேன்.

மண் சீவும் கம்பியை எடுத்து உதட்டை வெட்டினேன். “கமிட்டியக் கேக்க வேண்டாமுங்களா?” என்றார் செயலாளர். “கேளுங்க. வேண்டாம்னா வேற ஆளப் பார்த்துக்கச் சொல்லுங்க” என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஸ்டெல்லா அருகில் நின்று, “இன்னுங் கொஞ்சம் வெளிய வரோணுங்க” என்று சொல்லச் சொல்லப் பல் வைத்தேன். திடீரென்று அவர் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார். கமிட்டி அரை மனதோடு ஒத்துக்கொண்டது.

திறப்பு விழாவன்று தேயிலை பறித்த வயதான பெண் ஒருத்தி ஒவ்வொரு தலைவராகக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள். அந்தோணியம்மாளிடம் வந்ததும் கூப்பிய கையை இறக்கினாள். “ஏ அந்தோணி, நீயும் இங்க வந்துட்டியா?” என்று கேட்டு, சிலையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

எத்தனையோ சிலை செய்திருக்கிறேன். ஒன்றையும் யாரும் கிள்ளியதில்லை. இப்போதெல்லாம் எந்தத் தலைவர் சிலையானாலும், மண்ணைப் பிசையும் முன்பே வீட்டாரிடம் கேட்டுவிடுகிறேன்: அவர் எப்படிச் சிரிப்பார்?