அப்பாவின் குதிரைக்கு நான் எழுதிய முடிவு

எங்கள் முதலாளி ஹெப்பாளில் ஒரு தகரக் கொட்டகையில் ஐந்தாறு குதிரைகளோடு தொழில் தொடங்கியவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருடைய தடுப்பூசிகள் வடநாடு வரைக்கும் போய்க்கொண்டிருந்தன. தொழிலாளிகளின் பெண்பிள்ளைகளைத் தன் செலவில் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் பி.எஸ்ஸி. முடித்ததும் அப்படித்தான். விருந்தாளிகள் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார், குதிரைக்காரன் மகள் என்று. எனக்கு அது கசந்ததில்லை. முதல் வகுப்பில் தேறியவள் நான். எனக்காக அவர் தேர்வு எழுதவில்லை.

அப்பாவுக்கு அங்கே லாயத்தில் வேலை. ரேஸ் கோர்ஸில் நொண்டிப்போன ஒரு குதிரையை முதலாளி வாங்கியபோது, அதை வளர்த்த அப்பாவும் கூடவே வந்துவிட்டார். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து டெட்டனஸுக்கு மருந்து எடுப்போம். அந்த மருந்தை நஞ்சோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்து, அதன் வீரியத்தைப் பார்ப்பது என் வேலை. எலி பிழைத்தால் குதிரைக்குத் தீனி. செத்தால் லாரி. லாரி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த மழைக்காலத்தில் அப்பாவின் குதிரைக்கு வைத்த எலிகள் விறைத்துச் செத்தன. மறுபடி வைத்தேன். அவையும் செத்தன.

சாயங்காலம் அப்பா வீட்டில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். எலிகள் பிழைத்ததாக எழுதிவிடச் சொன்னார். எப்படியும் மற்றக் குதிரைகளின் ரத்தத்தோடு கலந்துதானே போகிறது, யாருக்குத் தெரியும் என்றார். மருந்து வலுவிழந்தால் காலில் ஆணி ஏறினவன் தாடை இறுகிச் சாவான் என்றேன்.

"அவன் யாரோ, கண்ணு. இது உன்னய முதுகுல சுமந்திருக்குது."

கண்டதைத்தான் எழுதினேன்.

முதலாளி லாயத்துக்கே வந்தார். அப்பா கும்பிட்டு நின்றார். முதலாளி குதிரைக்கு வெல்லம் ஊட்டிக்கொண்டே கன்னடத்தில் சொன்னார்: "உன் மகளே சொல்லிட்டாளேப்பா. நான் என்ன பண்ணட்டும்?" இவளைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை என்று மேலாளரிடம் திரும்பிச் சிரித்தார். வேறு யார் பிடித்தாலும் குதிரை லாரியில் ஏறவில்லை. அப்பாவே ஏற்றிவிட்டார்.

பின்பலகையை மாட்டிவிட்டு என்னிடம் வந்தார். நான் வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தேன்.

"என் ரத்தத்துக்கும் எலி வெச்சுப் பாத்துரு, கண்ணு. எனக்கு எப்ப லாரின்னு தெரிஞ்சுக்கறேன்."

லாயத்து ஆட்கள் சிரித்தார்கள். சில வாரம் கழித்து, அப்பாவிடம் புதிதாக விட்டிருந்த குதிரையின் ரத்தம் என் மேசைக்கு வந்தது. அந்த எலிகளும் செத்தன. எழுதிக் கொடுத்தேன்.