செவலையின் இரட்டைப் பல்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியடுப்பு வைத்துப் புகை விட்டுக்கொண்டு ஓடின. நாங்கள் மதுரையில் தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. மகளுக்கு மூன்று வயது, தை மாதம் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவார்கள்? எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அலங்காநல்லூரில் விவசாயம், மாடு என்றால் உயிர். பல்லைப் பார்த்தே மாட்டின் வயசைச் சொல்லிவிடுவான் என்று சந்தைக்குப் போகிறவர்கள் அவனைக் கையோடு கூட்டிப்போவார்கள்.

அவன்தான் ஆவணியில் ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து மகளிடம் கொடுத்தான். கன்றுக்குட்டிக்கு வைப்பது மாதிரி நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயரும் வைத்துவிட்டுப் போனான்.

மார்கழி கடைசியில் ஒரு காலை, செவலை வாசலில் படுத்துக் கொட்டாவி விட்டது. கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அடியாத்தி! மேல்பல்லு ரெட்டையால்ல இருக்கு! இது தாய்மாமனுக்கு ஆகாதேடி!"

குனிந்து பார்த்தேன். நிஜம்தான். மேலே இரண்டு பக்கமும் கோரைப்பல் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்று ஊசி மாதிரி, இன்னொன்று தடியாக. குழந்தைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள், அது தெரியும். நாய்க்கு இரட்டைப் பல் இருந்தால் யாருடைய மாமனுக்கு ஆகாது? நாயின் மாமனுக்கா? அது அலங்காநல்லூரில் எந்தத் தெருவில் திரிகிறதோ! சிரித்துக்கொண்டே உள்ளே வந்தேன். அடுப்படிக்குள் நுழைந்ததும் சிரிப்பு போய்விட்டது. என் மகளுக்கு மாமன் ஒருத்தன்தானே என்று தோன்றியது.

காதுகுத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே அண்ணன் வந்துவிட்டான். அதற்குள் செவலை சோற்றை மோந்து பார்த்துவிட்டு விலக ஆரம்பித்திருந்தது. வாயோரம் எச்சில் வேறு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! அவன் கை கால் கழுவி உட்காருவதற்குள் எதிர்வீட்டு அக்கா சொன்னதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

"பல்லப் பத்தி எங்கிட்டயா சொல்ற? இங்கிட்டுக் கொண்டா அதை" என்று நாயை மடியில் போட்டான்.

மாட்டுக்குக் கடைவாய் ஓரத்தில் பல் இல்லாத இடம் ஒன்று உண்டு. அங்கே விரலைக் கொடுத்துத்தான் வாயைத் திறப்பான். மேல்வரிசையில் மாட்டுக்கு முன்பல்லே கிடையாது என்பதால் மேலே பார்த்துப் பழக்கமும் அவனுக்கு இல்லை. அதே நினைப்பில் செவலையின் வாய் ஓரத்திலும் கட்டைவிரலை விட்டுவிட்டான். விரல் நேராக அந்த இரட்டைப் பல்லில் போய் அழுந்தியிருக்க வேண்டும். வீல் என்று ஒரு சத்தம். அது நாயின் சத்தமா அண்ணனின் சத்தமா என்று எனக்குப் புரிவதற்குள் தரையெல்லாம் ரத்தம்.

சோறு தின்னாத நாய், எச்சில் ஒழுக்குகிற நாய், இப்போது கடித்தும்விட்டது. தெருவுக்கு வேறென்ன வேண்டும்? வெறி பிடித்துவிட்டது என்று நாலைந்து பேர் கம்போடு வந்து நின்றார்கள். நான் செவலையைப் பின்கட்டுத் தூணில் கட்டிவிட்டு, அண்ணனைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். காயத்தில் எதையோ விட்டுச் சுட்டார்கள். மாடு முட்டியபோதும் வாய் திறக்காதவன் அன்றைக்கு அலறினான்.

நாயை அடித்துவிடாதீர்கள், பத்து நாள் கட்டிப் போட்டுப் பாருங்கள், அதற்குள் செத்தால் உடனே ஓடிவாருங்கள், தொப்புளைச் சுற்றி ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் தெருவே அடித்துப் போடு என்கிறது. வீட்டுக்காரர் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். எதிர்வீட்டு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். காதுகுத்தைத் தள்ளிவைத்தோம்.

நாய் பிழைத்தால் அண்ணன் பிழைப்பான். நாயோ ஒரு வாய் தின்ன மாட்டேன் என்கிறது. பட்டினியால் செத்தாலும் வெறியில் செத்ததாகத்தானே ஆகும்? இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கு எப்படித் தெரியும்? வெறி பிடித்தால் தண்ணீர் இறங்காது என்று யாரோ அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் திண்டில் சாய்ந்துகொண்டு மணிக்கொரு தரம் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பான். "எறங்குது ஆத்தா" என்பான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

நாலாம் நாள் செவலை எழுந்து நிற்கவே இல்லை. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று முடிவு பண்ணி, சேலைக் கிழிசலால் வாயைக் கட்டி, சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஜட்கா நிற்கும் இடத்துக்குப் போனேன். கடிநாய் என்றதும் ஒவ்வொரு வண்டிக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசி வண்டியில் ஒரு பாய், என் வயசுதான் இருக்கும், குதிரைக்குப் புல் உதறிக்கொண்டிருந்தார். அவருடைய ஆள்காட்டி விரலில் நுனி இல்லை.

"நாய்க்கு என்னம்மா?"

எச்சில், பட்டினி, இரட்டைப் பல், மாமன் என்று எல்லாவற்றையும் குழப்பி அடித்துச் சொன்னேன். அவர் மாமனை விட்டுவிட்டார், பல்லைப் பிடித்துக்கொண்டார். வாய்க் கட்டை அவிழ்க்காமலே மேல் உதட்டை மட்டும் வெளியிலிருந்து மெல்லத் தூக்கினார். இரண்டு பல்லுக்கும் நடுவில் ஏதோ நார் சிக்கி அழுகி, ஈறு கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. செவலை முனகியது.

"இது பால்பல்லும்மா. பெரிய பல்லு வந்துருச்சு, சின்னது எடத்தைக் காலி பண்ண மாட்டேங்குது. குதிரைக்கும் இப்பிடி நிக்கும். இம்புட்டு வலியில எதைத் திங்கும்?"

நீங்களே பிடுங்கிவிடுங்களேன் என்று கெஞ்சினேன். வேர் உள்ளே ஒடிந்தால் சீழ் வைத்துவிடும், ஏறுங்கள் என்று வண்டியைக் கட்டினார்.

மாட்டாஸ்பத்திரியில் நாயின் தலையைப் பிடிக்க ஆள் யாரும் முன்வரவில்லை. அந்த பாய்தான் குதிரையை வேப்ப மரத்தில் கட்டிவிட்டு உள்ளே வந்தார். வாய்க்குள் குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்து, தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். டாக்டர் குறடால் இரண்டு பக்கத்துப் பால்பல்லையும் எடுத்தார். வெளியே தெரிந்ததைவிட வேர் நீளமாக இருந்தது. வெறி இல்லை என்று இப்போது சொல்ல முடியாது, பத்து நாள் என்றால் பத்து நாள்தான், ஆனால் இனிமேல் பட்டினியால் சாகாது என்றார். பல்லை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்தார்.

இறக்கிவிட்டபோது பாய்க்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். அங்கே அணைத்த பிடி கொஞ்சம் நழுவியிருந்தால் அவருக்கும் அதே கடிதானே விழுந்திருக்கும் என்று வீட்டுக்குள் வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் செவலை மோர்ச்சோற்றை நக்கித் தின்றது. பத்தாம் நாள் கட்டை அவிழ்த்துவிட்டதும் அண்ணன் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவன் சொம்பைத் தூர வைத்துவிட்டு அதைத் தடவினான். அடுத்த முகூர்த்தத்தில், கட்டைவிரல் துணிக்கட்டோடு மகளை மடியில் வைத்துக்கொண்டான். காது குத்தி முடித்ததும் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, உள்ளிருந்த பற்களைக் குழந்தைப் பல்லுக்குச் செய்வது போலவே சாணியில் உருட்டிக் கூரைமேல் வீசினான். எல்லோரும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டு அக்கா மட்டும், "நாஞ் சொன்னது நடந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். மாமனைத்தானே கடித்தது? ஆனால் அவர் சொன்னதை நான் அண்ணனிடம் சொல்லாமல் இருந்திருந்தால், அவன் அந்த வாயைத் திறந்தே இருக்க மாட்டான். அண்ணன் கட்டைவிரலில் அந்த வடு கடைசிவரை இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனைக் கடித்தது செவலைதானா, நானா என்ற குழப்பம் எனக்கு வரும். இன்றுவரை அது தீரவில்லை.