தேசிமரத்தில் கட்டிய சேலைக்கரை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் இதனை எழுதிவைக்கும் கடப்பாடு இரு காரணங்களால் என்மேல் விழுந்தது. அயர்லாந்தில் அவர் தம் விடுமுறை நாள்களைக் கிணறு தேடியே கழித்தார் என்பதை உறவினர் பலர் வேடிக்கைச் செய்தியாக மட்டுமே அறிவர். அதன் உண்மை அவர்களுக்குத் தெரியவேண்டும். மற்றையது, அவருடைய இறுதி மாதங்களில் என் கையால் நிகழ்ந்த ஒரு செயல். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தெழுத மனம் ஒப்பவில்லை.

அக்கா வட்டுக்கோட்டையில், புகையிலையும் வெங்காயமும் விளைந்த தோட்டக்காணிகளின் நடுவே, எங்கள் பெற்றோரின் தலைமகளாகப் பிறந்தார். தாதிப் பயிற்சி முடித்து, தந்தையார் காலமான மறு ஆண்டே அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் பணியேற்றார். என் படிப்பையும் அன்னையின் மருந்தையும் அவர் தோளே சுமந்தது. தம் திருமணம் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நாங்களும் பேசவில்லை, அது எங்கள் குறை.

அம்மருத்துவமனையில் இறக்குந்தறுவாயில் இருந்த மூதாட்டி ஒருவர், தம் ஊர்த் திருக்கிணற்று நீர் ஒருவாய் வேண்டுமென்று அக்காவிடம் கேட்டாராம். பேருந்தேறி, மாடுகள் மேயும் சேற்றுநிலம் கடந்து அக்கா அதைக் கண்ட கதையைச் சிரிக்காமல் சொன்னதில்லை.

"கிணறு எண்டதும் நான் துலாவையும் வாளியையும் தேடுறன். கடைசியிலை பாத்தால் எங்கடை மாட்டுத்தொட்டியளவு ஊத்து. குனிஞ்சு கையாலை அள்ளவேண்டியதுதான்."

மூதாட்டி அந்நீரைப் பருகி மறுநாள் அமைதியாக உயிர்நீத்தார். அன்றுமுதல் அக்கா ஊர் ஊராகச் சென்று அத்தகைய கிணறுகளைக் கண்டு, அங்குள்ளோர் கூறியவற்றைக் குறித்துவைத்தார். புனிதர் பெயர் தாங்கிய அக்கிணறுகளை ஞாயிறு செல்லும் திசையில், நாம் கோயிலைச் சுற்றுவதுபோல் வலமாகவே சுற்றுவர். சுற்றுக்கொரு கூழாங்கல் இடுவர். அழுக்குத்துணி துவைத்தால் ஊற்றுச் சினந்து வேறிடம் பெயர்ந்துவிடும் என்பர். நோயாளர் ஒரு துணிக்கீற்றை நீரில் நனைத்து, நோயுள்ள இடத்தைத் துடைத்து, அருகே நிற்கும் முள்மரத்தில் கட்டுவர். துணி மட்கி உக்க உக்க நோயும் தேயும். இடையில் அதை அவிழ்ப்பவரை அந்நோய் பற்றிக்கொள்ளும்.

நாங்கள் போரில் இடம்பெயர்ந்து, மாதக்கணக்காக ஒரு செய்தியும் அனுப்ப இயலாதிருந்த காலத்தில், அக்கா தம் நீலச்சேலையின் கரையைக் கிழித்து எங்கள் ஒவ்வொருவர் பெயராலும் ஒரு கீற்றுக் கட்டினார். அன்னை காலமான செய்தி அவரை எட்ட ஏழு வாரங்கள் சென்றன. அன்னைக்காகக் கட்டியது அப்போதும் உக்காமல் இருந்தது என்று ஒரேயொருமுறை சொன்னார்.

பணி ஓய்வுபெற்று ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் வயிற்றில் புற்றுநோய் கண்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற அறிக்கையை எங்களுக்கு வாசித்து விளக்கியவரும் அவரே. அவ்வாரமே நீலச்சேலையின் எஞ்சிய கரையில் ஒரு கீற்றைக் கிழித்துக் கிணற்றடித் தேசிமரத்தில் கட்டினார். எங்கள் வளவில் முள்ளுள்ள மரம் அந்த எலுமிச்சை ஒன்றே. இதை நம்புகிறாரா என்று வினவினேன்.

"கட்டினால் ஒரு வேலை முடிஞ்ச மாதிரி இருக்கு, தம்பி" என்றார்.

அன்னையின் திவசம் நெருங்கியது. ஐயர் கிணற்றடிக்கு வருவார். அங்கே நோயாளி ஒருவர் உடல் துடைத்த கந்தல் தொங்கலாகாது என்று எண்ணினேன். வெயிலிலும் மழையிலும் பாதி நைந்திருந்த அதை அவிழ்த்துச் சருகோடு சேர்த்து எரித்தேன். அக்கா சொன்ன வழக்கம் அவ்வேளை நினைவுக்கு வரவில்லை என்று எழுத இயலாது. வந்தது. துப்புரவே பெரிதாகப்பட்டது.

மறுநாட் காலை அக்கா மரத்தைப் பார்த்தார்.

"ஆர் அவிட்டது?"

"நான்தான் அக்கா. ஐயர் வாறார் எண்டு..."

"வெறுங்கையாலையோ?"

"ஓம்."

தம் நோயைப்பற்றி ஒரு சொல்லும் அவர் வாயில் வரவில்லை. என் மனைவியை அழைத்து அவள் தோளைப் பற்றிக்கொண்டார்.

"உவருக்குப் படிப்புக் கூடிப்போச்சு, பிள்ளை. ஒரு சீலைத்துண்டிலை கைவைக்க முதல் கேக்கத் தெரியேல்லை."

பின்னர்க் கிணற்றை வலமாகச் சுற்றத் தொடங்கினார். நான் குறுக்கே சென்று தடுத்தேன்.

"விலத்தடா. இது எனக்கில்லை, உனக்கு."

மூன்று சுற்று. மூன்றாவதில் ஒரு கால் மண்ணில் இழுபட்டது. நான் கிணற்றுக்கட்டருகே நின்றுகொண்டிருந்தேன். அதன்பின் அக்கா முற்றத்துக்கு வரவில்லை. அடுத்த மாதம் எங்களைப் பிரிந்தார்.

துணிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் கூறினார். நானும் அறிவேன். என் உடலில் நோயேதும் இல்லை என்று ஒவ்வொரு பரிசோதனையும் சொல்கிறது. அதைக் கேட்டு மகிழ என்னால் முடிவதில்லை.

இறுதிவரை வீடுதேடி வந்து நோவு தணித்த மருத்துவருக்கும், மருதனார்மடத்திலிருந்து நாள்தோறும் இளநீர் கொணர்ந்த அயலவருக்கும், அக்காவை ஒருபொழுதும் தனித்திருக்க விடாத என் மனைவிக்கும், செய்தியறிந்து அந்த முதற்கிணற்றில் அவர் பெயரால் ஒரு கீற்றுக் கட்டிய அயர்லாந்துத் தோழியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சேலைக்கரையில் மிஞ்சியிருந்த கடைசித் துண்டைத் தேசிமரத்தில் கட்டியுள்ளேன். எவர் நோய்க்காக என்று கேட்டால் விடையில்லை. திவசத்துக்கு வருவோர் அதை அழுக்கென்று அகற்றாதிருக்க வேண்டுகிறேன். அவிழ்த்தவர் செய்யவேண்டிய கழுவாய் எதுவும் அக்காவின் குறிப்புகளில் இல்லை. அறிந்தோர் இருப்பின் தெரிவியுங்கள். இக்கட்டுரையில் ஊர்ப்பெயரிலோ உறவுமுறையிலோ நிகழ்ச்சி வரிசையிலோ பிழை கண்டாலும் தயங்காது அறிவியுங்கள். அவையேனும் திருத்தக்கூடிய பிழைகள்.