கிழியாத கோட்டை

விரித்தால் படங்கள் எழுந்து நிற்கும் பாப்-அப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருந்தார், புதுக்கோட்டையில் நான் பார்த்த அந்தப் பழைய பேப்பர் கடைக்காரர். அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் கம்பிக்குப் பதில் நூல் இருக்கும். புத்தகத்தைத் திறக்குமுன் எழுந்துபோய் ஃபேனை நிறுத்துவார். உள்ளே வாலறுந்த யானை, பாய் கிழிந்த கப்பல். ஒன்றுகூட முழுசாக இருக்காது.

சந்தோஷப்படுவாரென்று என் வீட்டிலிருந்த ஒன்றைக் கொண்டுபோனேன். திறந்தார். கசங்காத கோட்டை ஒன்று எழுந்தது.

"புள்ள தொடவே இல்லீங்களா?"

"மக கிழிச்சிரும்னு பீரோ மேல வச்சிருந்தேங்க."

மூடி என்னிடமே நீட்டினார். "புள்ளைங்க வெளையாடுனதத்தாங்க நான் எடுக்குறது. மொதல்ல அதுகிட்ட குடுங்க."

மகளுக்குப் போன மாதம்தான் கல்யாணம் முடிந்திருந்தது.