ஒரு முறம் தவிடு

தத்தெடுத்த குழந்தைக்கு நீதிமன்ற உத்தரவோ பதிவுச் சான்றிதழோ இருக்க வேண்டும் என்பது விதி. என் அம்மாவுக்கு இருந்தது ஒரு முறம் தவிடு. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில், மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெற்றோரை மலேரியாவுக்குப் பறிகொடுத்த கைக்குழந்தை அவர். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புத் தம்பதி, தோட்டத் தொழிலாளர் லயத்துக்காரர்களிடம் தவிடு கொடுத்து அவரை வாங்கினார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எமன் தொடமாட்டான் என்பது நம்பிக்கை. தவிட்டுக்கு யாரும் ரசீது எழுதவில்லை.

அதனால் தொண்ணூறைத் தாண்டியும் அம்மாவிடம் சிவப்பு அடையாள அட்டைதான், குடியுரிமை இல்லை. குடிமக்களுக்கான நீல அட்டை வாங்கி ஒருமுறையாவது ஓட்டுப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. அரசாங்கத்தில் ஆயுள் முழுக்கக் கோப்பு நகர்த்திய நான், விண்ணப்பத்தை மூன்று பிரதிகளில் அனுப்பினேன். தத்தெடுத்த விதம் என்ற கட்டத்தில் உண்மையையே எழுதினேன்.

ஏழு வருடம் கழித்துப் பதில் வந்தது. தவிட்டுக்கு ஆட்சேபம் இல்லை. பெற்ற தாய் தந்தை இருவரும் நேரில் வர வேண்டுமாம்.

படித்துக் காட்டினேன். முகம் தெரியாத அந்தப் பெற்றோருக்குப் படையல் போட வாழையிலை துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை.

"இப்ப வருவாங்க லா. நீயே கேட்டுக்கடா."

அன்று ஆடி அமாவாசை.