குகன் இல்லாமல் எரிகிற பச்சை பல்ப்

குகன் தம்பி போய்விட்டார்... நேற்றுக் காலை, கரவெட்டியில், தன்னுடைய வீட்டில். நெஞ்சு நோகுது என்றாராம். ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்கு முதலே முடிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் நான் தேத்தண்ணீர் போடுகிற சாஃப்ட்வேர் கம்பனியில் டெஸ்ட் பண்ணுகிற ஆள் அவர்தான். பெடியன்கள் எழுதினதைப் பார்த்து "சரி" என்று அவர் அழுத்தினால் சுவரில் பச்சை பல்ப் எரியும். எரிந்தால் நான் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்க ஓடவேண்டும். அது எங்கள் ஒஃபிஸ் வழக்கம்.

ரோல்ஸ் என்றால் குருநகர்ப் பக்கம் ஒரு கடை... மீன் ரோல்ஸ். கடைக்காரர் என்னைக் கண்டாலே, "என்ன, பச்சை எரிஞ்சிட்டுதோ?" என்பார். சரி, அதை விடுவோம்.

குகன் லேசில் அழுத்தமாட்டார்.

"குகன் அண்ணை, உங்களாலை எங்கடை வயிறு காயுது" என்று பெடியன்கள் பகிடி விடுவார்கள். "காயட்டும்... இன்னும் ஒருக்கா பாக்கிறன்" என்பார்.

வெளிநாட்டில் தனியாக இருக்கிற வயதுபோன ஆட்களுக்கு மாத்திரை நேரம் சொல்லுகிற சாஃப்ட்வேர் அது. அங்கே வருஷத்தில் ஒரு நாள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்களாம். அன்றைக்கு ஒரே மாத்திரையை இரண்டு தரம் குடிக்கச் சொல்கிறது என்று குகன் கண்டுபிடித்தார்.

முதலாளி கேட்கவில்லை. "சொன்ன திகதிக்குக் குடுக்காட்டி வெளிநாட்டுக்காரங்கள் வேறை ஆக்களிட்டைப் போயிடுவாங்கள். பிறகு திருத்துவம்."

அன்று குகன் என்னோடு குசினியில்... இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தபடி நின்றார். பல்ப் எரிந்தது.

"அண்ணை... நான் இஞ்சை நிக்கிறன். ஆர் பட்டனை அமத்தினது?"

போய்ப் பார்த்தோம். அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. ஸ்கிரீனில், "குகன் சோதித்தார். சரி."

முதலாளி சிரித்தார். "நீர் இழுத்தடிக்கிறீர். இனி நேரம் வந்தால் மெஷினே தானா அமத்தும்."

"எண்டால் அதிலையிருந்து என்ரை பேரை எடுங்கோ."

"உம்மடை பேர் இருந்தாத்தானே ஐசே அவங்கள் நம்புவாங்கள்!"

குகன் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நான் அமத்தாமல் எரிஞ்சால் ரோல்ஸ் வாங்கப் போகாதேங்கோ."

நான் போனேன்... முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். குகனின் ரோல்ஸை எறும்புதான் தின்றது.

போன மாதம் வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகும் எனக்குப் போன் எடுப்பார். "பேரை எடுத்திட்டாங்களோ அண்ணை?" அவர் கேட்கிற நேரமும் பல்ப் எரிந்துகொண்டிருக்கும். "தெரியேல்லை தம்பி" என்பேன்.

இன்று எல்லோரும் செத்தவீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒஃபிஸைப் பூட்ட நான் மட்டும் நின்றேன். சாவியைத் திருப்பும்போது... கண்ணாடிக்கு உள்ளே பச்சை.

உள்ளே போனேன். ஒருவரும் இல்லை. மெஷின் இரைகிற சத்தம் மட்டும்.

"குகன் சோதித்தார். சரி."

ரோல்ஸ் கடை திறந்திருக்கிற நேரந்தான்... நான் போகவில்லை.

இப்போது கரவெட்டி பஸ்ஸில் இருந்து, போனில் வாயால் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் சொல்கிறேன் தம்பி...

பேரை இன்னும் எடுக்கேல்லை.

போயிட்டு வாங்கோ.