சத்தம் கேட்காமல் எழுதிய விமர்சனம்

பேய் கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறவன் நான். சரியான பயந்தாங்கொள்ளியும் நான்தான். இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று கேட்டால், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் விளையாடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை, டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி வீடு. ஜன்னல் திரையெல்லாம் விலக்கியிருக்கும், பக்கத்தில் வானொலியில் பாட்டு ஓடும். கணினியில் கோரைப்பல்லோடு எதுவோ என்னைத் துரத்திக்கொண்டு வரும். சத்தம் இல்லையென்றால் எப்பேர்ப்பட்ட பேயும் பாதிப் பேய்தான். துணி காயப்போடப் போகிற மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, இன்னிக்கும் ஊமைப் பேய்தானா?" என்பாள். விமர்சனத்தில் ஒலியைப் பற்றி இரண்டு வரி வேண்டுமே, அதை மற்றவர்கள் எழுதியதிலிருந்து எடுத்து மாற்றிப் போட்டுவிடுவேன். என் இணையப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் என்னைப் பெரிய சூரன் என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

போன வருடம் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஒரு பெண் எழுதினாள். சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் முடிந்து வந்து, மூன்று வருடமாகத் தனியாளாக ஒரு கேம் செய்திருக்கிறாள். ஆளில்லாத ரப்பர் தோட்டத்துக்குள் காணாமல்போன தங்கையைத் தேடி ஒருத்தி போகிறாள், அங்கே மரங்களுக்குப் பசி. இதுதான் கதை. கோலாலம்பூரில் கேம் வெளியிடுகிற ஒரு கம்பெனி அடுத்த மாதம் பார்க்கக் கேட்டிருக்கிறது, அவர்கள் எடுத்துக்கொண்டால் தொழிற்சாலையை விட்டுவிட்டு இதையே செய்யலாம், அதற்கு முன்னால் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே என்று கேட்டிருந்தாள்.

வழக்கம்போல் சத்தத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது கட்டத்திலேயே வழி தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்தேன், எங்கே திரும்பினாலும் மரம் பிடித்துத் தின்றது. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அந்தக் கேமை வேறு யாரும் விளையாடியிருக்கவில்லை, பார்த்து எழுதவும் வழியில்லை. "எந்தப் பக்கம் போவதென்றே புரியவில்லை. ஒலியமைப்பு சுமார். பயம் வரவில்லை" என்று எழுதிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் ஃபெர்ரி ஏறி என்னைப் பார்க்க வந்தாள். பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். சண்டைக்கு வரவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருந்தாள்.

"கோச்சுக்காதீங்கண்ணே. ஹெட்போன் போட்டுத்தானே வெளையாடினீங்க?"

"பின்ன? இத்தன வருஷமா இதானே செய்யிறேன்."

"ரப்பர் கொட்ட வெடிக்கிற சத்தம் வரும்ல, அது கேக்குற பக்கந்தான் வழி. ஆறு வாரம் தோட்டத்துல போய் வெயில்ல உக்காந்து ரெக்கார்ட் பண்ணேன். ஒங்களுக்குக் கேக்கலையா?"

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். எனக்கு என் பவிசு முக்கியமாகப் போயிற்று.

"கேட்டுச்சு. ஆனா அதான் வழின்னு புரியல லா. ஆளுங்களுக்குத் தெளிவாக் காட்டணும்மா. ஒரு அம்புக்குறி போட்டுரு, முடிஞ்சிச்சு."

அவள் அதைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள். எழுதட்டும் என்று பார்த்துக்கொண்டே தே தாரேக் டீயைக் குடித்தேன்.

மனம் கேட்கவில்லை. மறுநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே கேமைத் திறந்தேன். முதலில் ஒன்றுமில்லை, காற்று மட்டும். பிறகு இடது பக்கம், எங்கோ தள்ளி, டப்பென்று ஒன்று. அந்தப் பக்கம் நடந்தேன். இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இன்னொன்று. அடுத்தது என் பிடரிக்குப் பின்னால். பட்டப்பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். நான் விளையாடிய கேம்களிலேயே, அதாவது காதால் கேட்டு விளையாடிய ஒரே கேமிலேயே, அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

உடனே அவளைக் கூப்பிட்டிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். நாளைக்கு ஆபீஸ். அதற்கடுத்த நாள் தலைவலி. வெட்கங்கெட்டவனுக்குச் சாக்கா கிடைக்காது? இரண்டு வாரம் கழித்து அவளே செய்தி அனுப்பினாள். "அண்ணே, கொட்டச் சத்தத்த எடுத்துட்டு அம்புக்குறி போட்டுட்டேன். இப்ப யாருக்கும் வழி தப்பாது. கேம் கடைசில ஒங்களுக்கு நன்றின்னும் போட்டுருக்கேன்." நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினேன்.

கம்பெனிக்காரர்கள் பார்த்தார்கள். அன்று மதியம் அவள் போன் செய்தாள்.

"வேணாம்னுட்டாங்கண்ணே. அம்புக்குறியப் பாத்துப் போற கேம் நெறைய இருக்காம். இதுல புதுசா என்ன இருக்குன்னு கேக்குறாங்க."

அப்போதுதான் சொன்னேன். சத்தத்தை நிறுத்திவிட்டு விளையாடியது, பயம், பொய், மறுநாள் கேட்டது, கேட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப அந்தச் சத்தம் நல்லாத்தான் இருந்துச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"இருந்துச்சும்மா."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. ஒங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போவுதுன்னு விட்டுட்டேன்" என்றாள்.